கரைச் சுற்றுலா

கரைச் சுற்றுலா என்பது, சுற்றுலாக் கப்பலில் பயணம் செய்வோர், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் கரையிறங்கி, அவ்வூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பார்த்துவிட்டு, கப்பல் புறப்படும் முன்னர் திரும்பி வந்து சேரும் குறுகிய பயணம் ஆகும். தங்கும் இடம், உணவு, இரவுப் பயணம் ஆகிய அனைத்தும் கப்பலிலேயே அமைவதால், கரையில் பயணிக்குத் தேவைப்படுவது பகற்பொழுது மட்டுமே. மற்றச் சுற்றுலாக்களில் இருந்து இதனை வேறுபடுத்துவது இந்த நேர வரம்பு ஆகும்.

கரீபியன் கடல் தீவுகளில் இவ்வகைச் சுற்றுலா பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் கொச்சி, மும்பை, மர்மகோவா, சென்னை முதலிய துறைமுகங்களில் வெளிநாட்டுக் கப்பல்களின் பயணிகளுக்காக இது நடைபெற்று வருகின்றது. முன்னாள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்கு இரு வழிகளில் கரைச் சுற்றுலாப் பயணிகள் வர இயலும். ஒன்று, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கனகசெட்டிக்குளம் எல்லையைக் கடந்து வருவது. மற்றொன்று, புதுச்சேரிக் கடலிலேயே கப்பலை நிறுத்திப் படகில் கரை சேர்வது.

இயங்கு முறை

உல்லாசப் பயணத்திற்கென்றே கப்பலை ஓட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செருமனியின் ஆம்பர்க் அமெரிக்கா நிறுவனம் 1891இல் "அகஸ்டா விக்டோரியா" என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியபோது, கரைப் பயணங்களும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. அன்றிலிருந்து முறை பெரிதாக மாறவில்லை. கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடி, காலையில் ஒரு துறைமுகத்தை அடைகின்றது. சுங்கம், குடிவரவு ஆகிய முறைமைகள் முடிந்தபின் பயணிகள் இறங்குகின்றனர். புறப்படும் நேரத்திற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்னதாக அனைவரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும். இந்தக் கெடுவே பயணிக்குரிய உண்மையான நேரம் ஆகும்; அட்டவணையில் அச்சிடப்பட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் அன்று.

கரையில் செல்ல இரு வழிகள் உண்டு. கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவில் சேரலாம். அல்லது கரையில் வண்டி அமர்த்திக்கொண்டு தாமாகவே செல்லலாம். முன்னது விலை கூடியது. ஆயினும் அந்தப் பேருந்து வழியில் தாமதமானால், கப்பல் வழக்கமாகக் காத்திருக்கும். தாமாகச் சென்றவருக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை. அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் அவர் போய்ச் சேர வேண்டும். எனவே நிறுவனம் கூடுதல் விலைக்கு விற்பதில் ஒரு பகுதி ஊர்காட்டுதல், மற்றொரு பகுதி காப்புறுதி எனக் கொள்ளலாம்.

கப்பல் துறைமேடையில் அணைந்து நின்றால் பயணி ஏணிப்பாலம் வழியே நடந்து இறங்கிவிடலாம். நீரின் ஆழம் போதாத இடங்களில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகுகள் பயணிகளைப் பகுதி பகுதியாகக் கரை சேர்க்கும். மாலுமிகள் இப்படகினை "டெண்டர்" என்பர். பல கப்பல்களில் உயிர்காப்புப் படகுகளே இதற்கும் பயன்படுகின்றன. அலை மிகுந்தால் கப்பலில் இருந்து படகில் இறங்குவது ஆபத்தாகும். அந்நாளில் கப்பல் தலைவர் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டு மேலே செல்வது வழமை.

கரீபியன் தீவுகளில்

கரீபியனில் இவ்விரு முறைகளும் அருகருகே காணப்படுகின்றன. மெக்சிக்கோவின் கோசுமெல், பகாமாசின் நாசோ ஆகிய இடங்களில் பெரிய கப்பல்கள் மேடையில் அணைகின்றன. கேமன் தீவுகளின் தலைநகர் சார்ச்சு டவுனில் படகு வழியே இறங்க வேண்டும். அங்கு கப்பல் மேடை கட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாக வாதம் நிகழ்ந்தது. பவளப்பாறைகள் அழியும் என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. 2025 ஏப்ரல் 30இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் அத்திட்டத்தை ஏற்கவில்லை.

கப்பல் நிறுவனங்கள் தாமே தீவுகளை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இங்கு உண்டு. நார்வீசியன் கரீபியன் நிறுவனம் 1977இல் பகாமாசில் கிரேட் இசுடிரப் கே என்ற சிறு தீவினை வாங்கியது. இத்தகைய தீவில் பயணி கரையிறங்கினாலும் அவர் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி மீண்டும் கப்பல் நிறுவனத்திற்கே செல்கின்றது. ஊர் என்று ஒன்று இல்லாத கரைச் சுற்றுலா என இதனைக் கூறலாம்.

கியூபாவின் நிலை வேறு. அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டவர் வெறும் பொழுதுபோக்கிற்காகக் கியூபா செல்ல இயலாது. ஆகவே அமெரிக்கக் கப்பல்கள் அவானாவிற்குச் சென்று வந்த ஆண்டுகளில், கியூப மக்களைச் சந்திக்கும் கல்விசார் நிகழ்ச்சிகளாகக் கரைச் சுற்றுலாக்கள் அமைக்கப்பட்டன. 2019 சூனில் அமெரிக்க அரசு இப்பயணங்களையும் தடை செய்தது.

அவானாவிற்குச் சென்ற கப்பல்களுள் ஒன்று "எம்பிரசு ஆஃப் த சீசு". பிரான்சின் செயின்ட் நசேர் கப்பற்கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, 1990இல் "நார்டிக் எம்பிரசு" என்ற பெயரில் மயாமியில் இருந்து பகாமாசிற்கு ஓடத் தொடங்கியது. பெயரும் உரிமையும் சிலமுறை மாறிய பின் இந்தியாவின் கார்டிலியா குரூசசு நிறுவனத்திடம் வந்தது. 2021 செப்டம்பரில் மும்பையில் இருந்து "எம்பிரசு" என்ற பெயரில் பயணங்களைத் தொடங்கியது. நீளம் சுமார் 211 மீட்டர். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம் சுமார் 7 மீட்டர். புதுச்சேரியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது அளவுதான் முக்கியமானது.

புதுச்சேரியின் கடற்கரை

புதுச்சேரி துறைமுகநகராகப் பெயர் பெற்றிருந்தபோதிலும், பெரிய கப்பல் கரையருகே வரத்தக்க இயற்கைத் துறைமுகம் அதற்கு என்றும் இருந்ததில்லை. சோழமண்டலக் கடற்கரை மணற்பாங்கானது. கடல் மெல்லச் சரிந்து ஆழமாகின்றது. கரையோரம் அலை ஓயாது உடைகின்றது. பிரெஞ்சுக் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்த கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் சலங்கு எனப்பட்ட படகுகளில் கரைக்கு வந்தனர். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட இவ்வகைப் படகு, அலையில் மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். ஐரோப்பியர் இதனை மசூலா என்றனர். பிரெஞ்சு ஆவணங்களில் "செலேங்கு" என்ற வடிவில் தமிழ்ச்சொல்லே வழங்கியது. கப்பல் எவ்வளவு பெரியதாயினும் கடைசி மைல் கரையோரப் படகோட்டிகளின் கையில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவுகள் தொடர்ந்து பதிவாகியுள்ளன.

அலையைத் தாண்டி ஆழமான நீர்வரை நீளும் இரும்புக் கடற்பாலம் 1866இல் அமைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தது. அதற்குத் தெற்கே புதிய பாலத்தின் கட்டுமானம் 1956இல் தொடங்கி 1962இல் நிறைவுற்றது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில்தான் பிரெஞ்சு ஆட்சி ஒப்படைப்பு சட்டப்படி முழுமையடையும் நிலையை நெருங்கியது; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16இல் நடந்தது. அந்தப் பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சு 6இல் இடிந்து விழுந்தது.

இதற்கிடையே 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டு, உப்பளத்தில் புதிய துறைமுகம் உருவானது. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. சுவர்கள் அந்த நகர்வை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை மணலை இழந்து, கருங்கற்கள் கொட்டிய அணைகரையாக மாறியது. அரிப்பு அத்துடன் நிற்காமல் மேலும் வடக்கே உள்ள மீனவர் ஊர்களையும் தாக்கியது. முகத்துவாரமும் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகின்றது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளும் இதே வாயில் வழியாகவே கடலுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், தூர்வாருதல் மீனவர்களின் நெடுநாள் கோரிக்கையாக உள்ளது.

7 மீட்டர் ஆழம் தேவைப்படும் கப்பல் இத்துறைமுகத்தினுள் வர இயலாது. ஆகையால் சலங்குகள் மறைந்த பின்னரும், இன்றைய சுற்றுலாக் கப்பல் புதுச்சேரியில் அன்றைய கப்பல்களைப் போலவே வெளிக்கடலில் நிற்க வேண்டியுள்ளது.

கப்பல் வருகை

2022 சூன் மாதம் தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் சென்னையில் இருந்து எம்பிரசு கப்பலின் பயணங்கள் தொடங்கப்பட்டன. ஐந்து நாள் பயணம் விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகச் சென்னை திரும்புவதாக இருந்தது. இக்கப்பல் மழைக்காலத்தில் மும்பையை விட்டுக் கிழக்குக் கரைக்கு வருவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது சோழமண்டலக் கரையோரம் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். புயலுக்குரிய அக்டோபர் முதல் திசம்பர் வரையான காலத்தில் நிலைமை தலைகீழாகின்றது.

கப்பலில் சூதாட்டக்கூடம் இருப்பதைச் சுட்டிக்காட்டிப் புதுச்சேரியில் அரசியல் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பண்பாட்டிற்கு ஊறு செய்யும் எதற்கும் அனுமதி இல்லை என அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராசன் கூறினார். அம்மாதம் புதுச்சேரிக் கடற்பகுதிக்கு வந்த கப்பல், அனுமதி கிடைக்காமல் பயணிகளை இறக்காமலேயே திரும்பியது. அடுத்த ஆண்டு சூனில் இதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. புதுச்சேரிக்கு மூன்று ஆண்டுகள் கழித்தே வாய்ப்புக் கிட்டியது. 2025 சூலை 4 அன்று விசாகப்பட்டினத்தில் இருந்து வந்த கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகள் மூலம் உப்பளம் துறைமுகத்திற்கு அழைத்து வரப்பட்டு, ஊர்திகளில் சுற்றிப் பார்க்கச் சென்றனர். இம்முறையும் எதிர்ப்பு இருந்தது.

நேரக் கணக்கு

படகின் அளவும் எண்ணிக்கையும் கரைச் சுற்றுலாவை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கப்பலில் 1,500 பயணிகள் உள்ளனர், அது காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்கின்றது, அனைவரும் 5 மணிக்குள் ஏறியிருக்க வேண்டும் எனக் கொள்வோம். ஒரு படகு ஆட்களை ஏற்ற 15 நிமிடம், கரைக்கு ஓட 15, இறக்க 15, திரும்ப 15 என ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். நூறு பேர் கொள்ளும் ஐந்து படகுகள் இருந்தால் மணிக்கு 500 பேர்; அனைவரும் கரை சேர மூன்று மணி நேரம் ஆகும். திரும்பிச் செல்லவும் அதே மூன்று மணி நேரம் வேண்டும். ஆகவே 9 மணி நேரத்தில் ஒருவருக்குச் சராசரியாகக் கரையில் கிடைப்பது ஏறத்தாழ 6 மணி நேரம். கடைசியாக இறங்கி முதலில் திரும்புபவருக்கு மூன்று மணி நேரமே கிட்டும்.

படகில் 50 பேரே கொள்வர் என்றால், ஏற்றி இறக்குவது சற்று விரைவாக நடந்தாலும், அனைவரையும் கரை சேர்க்கவே ஐந்து மணி நேரத்திற்கு மேலாகும். திரும்பவும் அவ்வளவு நேரம் தேவை என்பதால் கணக்கு உதைக்கின்றது. அப்போது பயணிகளில் ஒரு பகுதியினரை மட்டுமே இறக்க முடியும். காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிற்பகலில் கடற்காற்று வலுப்பதால் காலையில் எளிதாக இறங்கிய முதியவர்களுக்கு மாலையில் ஏறுவது கடினமாகக் கூடும்.

இந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் எவற்றைப் பார்க்க இயலும் என்பதையும் நேரமே முடிவு செய்கின்றது. கடற்கரைச் சாலை, பிரெஞ்சுத் தெருக்கள், அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில் ஆகியவை துறைமுகத்திற்கு அண்மையில் ஒன்றையொன்று ஒட்டியே உள்ளன. தமிழகக் கோயில்கள் பலவற்றைப் போல் மணக்குள விநாயகர் கோயிலும் நண்பகலில் நடை சாத்தப்படும். 11 மணிக்குக் கரையிறங்குபவர் விரைந்து செல்லாவிடில் தரிசனம் வாய்க்காது. புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆரோவில்லின் மாத்ரி மந்திரை வெளியில் உள்ள காட்சி மேடையில் இருந்து பார்க்கலாம். உள்ளே செல்ல முன்பதிவு தேவை. அரிக்கமேட்டிற்குச் செல்வோர் குறைவு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து உரோமானியச் சாடிகளைக் கண்டெடுத்த இந்த இடம், இன்றைய துறைமுகம் அமைந்துள்ள அதே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் உள்ளது. கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாததால் பேருந்துச் சுற்றுலாவிற்கு ஏற்றதன்று எனக் கருதப்படுவது வருந்தத்தக்கது. கப்பலில் வந்து இறங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இவ்வூரில் வேறில்லை.

கனகசெட்டிக்குளம் வழி

புதுச்சேரிப் பகுதியின் கடற்கரை வடக்கே கனகசெட்டிக்குளத்தில் தொடங்கித் தெற்கே மூர்த்திக்குப்பம் வரை சுமார் 24 கி.மீ. நீளமுடையது. கனகசெட்டிக்குளம் ஒரு மீனவர் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருவோர் ஒன்றியப் பகுதிக்குள் நுழையும் இடம் இதுவே. இங்கிருந்து நகருக்கு ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவு. ஆனால் இந்த எல்லையைத் தாண்டியதும் புதுச்சேரி வந்துவிட்டது என எண்ணும் பயணி ஏமாறுவார். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி ஆகியவற்றைக் கடந்ததும் சாலை மீண்டும் தமிழ்நாட்டிற்குள் புகுந்து, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் வழியே சென்று, முத்தியால்பேட்டையில் மறுபடியும் ஒன்றியப் பகுதியை அடைகின்றது. பிரெஞ்சு, ஆங்கிலேய ஆட்சிகளின் ஊர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததன் எச்சம் இது.

சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் இருந்து சாலை வழியே புதுச்சேரி வந்து திரும்புவது மிக இறுக்கமான பயணம் ஆகும். தொலைவு ஏறத்தாழ 150 கி.மீ.; நகர நெரிசலையும் சேர்த்து ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் தேவை. காலை 9 மணிக்கு வாயிலைக் கடந்து மாலை 5 மணிக்குள் திரும்ப வேண்டுமெனில் எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் பேருந்திலேயே கழியும். நகரில் எஞ்சுவது இரண்டு மணி நேரம். அதனால் சென்னையில் இறங்கும் பயணிகளுக்கு மாமல்லபுரமும் காஞ்சிபுரமுமே பொருத்தமான இடங்களாக உள்ளன. புதுச்சேரி வரை வரும் பேருந்து கனகசெட்டிக்குளத்தில் நின்று செல்ல இக்கணக்கில் இடமில்லை. மணற்கரையில் ஏற்றி வைத்த படகுகளும் வலை உலர்த்தும் களமும் சாலைக்கு மிக அருகில் இருந்தும் பயணியின் கண்ணில் படாமலேயே போகின்றன.

கரையில் உள்ளோர்

கரைச் சுற்றுலாவினால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பது விவாதத்திற்குரியது. கப்பலில் வருபவர் விடுதியில் தங்குவதில்லை. மூன்று வேளை உணவுக்கும் ஏற்கெனவே பணம் செலுத்தியிருப்பார். ஆகையால் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் கிடைப்பது குறைவு. பேருந்து உரிமையாளர், வழிகாட்டி, தானி ஓட்டுநர், கைவினைப் பொருள் கடைக்காரர் ஆகியோருக்கே நேரடி வருவாய் உண்டு. சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்கும்போது நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே எஞ்சியது கரைக்கு வருகின்றது. ஆயிரம் பேர் ஒரே முற்பகலில் ஒரே தெருவில் இறங்குவதால் ஏற்படும் நெரிசலை ஊரார் ஏற்க வேண்டியுள்ளது. வார இறுதிகளில் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்கள் கப்பல் வராமலேயே நிரம்பி வழிகின்றன.

மீனவர்களின் நிலை தனியானது. பயணிகள் படகும் மீன்பிடிப் படகும் ஒரே முகத்துவாரத்தைப் பயன்படுத்துகின்றன. கப்பலுக்கென வாயில் தூர்வாரப்பட்டால் மீனவரும் பயன்பெறுவர். மாறாக, ஆழமான மேடை வேண்டுமென்று அலைதடுப்புச் சுவரை மேலும் கடலுக்குள் நீட்டினால், வடக்கே உள்ள கடற்கரைகள் இழந்த மணலுடன் இன்னும் மணலை இழக்கக்கூடும். 1980களின் சுவர்கள் தந்த படிப்பினையைப் பார்க்கும்போது, படகு வழியே இறக்கும் இன்றைய சிரமமான முறை இக்கடற்கரைக்குக் குறைந்த கேடு விளைவிப்பது என்றே கொள்ள வேண்டும்.

கப்பலைத் தவறவிடுதல்

கரீபியனில் கப்பலைத் தவறவிட்ட பயணி அடுத்த தீவிற்கு வானூர்தியில் செல்ல வேண்டும். அது வேறொரு நாடாக இருக்கும் என்பதால் கடவுச்சீட்டு இன்றியமையாதது. அதனைக் கப்பல் அறையிலேயே விட்டுவிட்டு இறங்கியவரின் பாடு கடினம். கரையிறங்குவோர் கப்பலின் முகவரது தொலைபேசி எண்ணையும், அனைவரும் ஏற வேண்டிய நேரத்தையும், கப்பல் நேரத்திற்கும் கரை நேரத்திற்கும் வேறுபாடு உண்டா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தீவுகளுக்கிடையே இந்த நேர வேறுபாடு அடிக்கடி ஏற்படுகின்றது.

விசாகப்பட்டினம்–புதுச்சேரி–சென்னைப் பயணத்தில் இச்சிக்கல் எளிதானது. அயல்நாட்டு எல்லை எதுவும் இல்லை. மாலையில் புறப்படும் கப்பல் மெதுவாக ஓடி மறுநாள் காலையிலேயே சென்னையை அடையும் வகையில் அட்டவணை அமைகின்றது. உப்பளத்தில் கடைசிப் படகைத் தவறவிட்டவர் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தைப் பிடித்தால், அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கனகசெட்டிக்குளத்தைக் கடந்து, அன்றிரவே, கப்பலுக்கு முன்பாகச் சென்னை சென்றுவிடலாம்.